விரல் அசையுதே, உடைஞ்சிருக்காது: கை எலும்பு முறிவில் கவனிக்க வேண்டியவை

அணி மருத்துவர்:

பந்து பட்டுப் புறங்கை வீங்கினால் மைதானத்தில் முதலில் எழும் பேச்சு 'விரல் அசையுதே, உடைஞ்சிருக்காது' என்பதுதான். நம்பவே கூடாது. எலும்பு முறிந்தாலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் விரலை இழுத்துவிடும். 2009 சிட்னி டெஸ்ட்டில் இடது கை உடைந்த பிறகும் தென்னாப்பிரிக்கக் கேப்டன் கிரேம் ஸ்மித் கடைசி ஆளாக மட்டையோடு இறங்கினார்.

நான்கு விரலையும் மெல்ல மடக்கச் சொல்லுங்கள். நுனிகள் எல்லாம் கட்டைவிரல் பக்க மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். ஒன்று பக்கத்து விரல்மேல் ஏறினால் முறிந்த எலும்பு முறுக்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் இது எளிதில் பிடிபடாது. சுண்டுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் கழுத்தில் (விரல் மூட்டுக்குச் சற்றுக் கீழே) 30 டிகிரி வளைவைக்கூட விட்டுவைக்கலாம். முறுக்கை விடவே கூடாது, நிமிர்த்தியாக வேண்டும். எக்ஸ்ரே நேர், சாய்வு, பக்கவாட்டு என மூன்று கோணத்திலும் எடுங்கள். கட்டைவிரல் அடிப்பள்ளத்தில் வலி இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் எம்ஆர்ஐ வேண்டும்.

கை சிகிச்சை பிசியோ:

எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். வீரரை உட்கார வைப்பது இறுகிய மூட்டு. கையை அசையாமல் தாங்கும் ஸ்ப்ளின்ட்டில் விரலின் அடிமூட்டு 70 டிகிரிக்குக் குறையாமல் மடங்கியிருக்க வேண்டும், மற்ற இரண்டு மூட்டும் நேராக. அடிமூட்டை நீட்டியே கட்டினால் மூட்டைப் பிணைக்கும் பக்கத் தசைநார்கள் சுருங்கிக்கொள்ளும். பிறகு விரல் மடங்காது.

முறிந்த எலும்பைப் பொருத்த உலோகத் தகடு வைத்த கையில், பொருத்தம் உறுதி என்று அறுவை மருத்துவர் சொன்னால், சில நாட்களிலேயே அசைவைத் தொடங்கலாம். கொக்கி வடிவம், தட்டை முஷ்டி, முழு முஷ்டி, ஒவ்வொன்றும் பத்து முறை, பகலில் பல தடவை. தகட்டின் மேலேயே விரலை நீட்டும் தசைநாண் ஓடுவதால் அது தழும்போடு ஒட்டிக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி: நாம் நீட்டிவிட்டால் விரல் நீள்கிறது, அவராக நீட்ட முடியவில்லை என்றால் ஒட்டியது தசைநாண். நாம் நீட்டியும் நீளவில்லை என்றால் பெரும்பாலும் மூட்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

பயிற்சியாளர்:

வலி போனதும் வலைப்பயிற்சிக்கு அனுப்புவதுதான் பெரிய தவறு. முறிந்த இடத்தை அழுத்தினால் வலி இருக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மறைய இன்னும் நாளாகும், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிடிவலு மற்றக் கையின் வலுவில் 90 சதவீதமாவது வர வேண்டும். முதலில் டென்னிஸ் பந்து, பிறகு தோல் பந்தில் த்ரோடவுன், அதாவது அருகிலிருந்து கையால் எறியும் பந்தை அடிப்பது. ஸ்லிப் கேட்ச் கடைசியில்தான். அங்கே அடியை விரல் நேராக வாங்குகிறது. ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் வழக்கம். அதன் பிறகும் சில வாரம் பக்கத்து விரலோடு டேப் சேர்த்தே கையுறை போடட்டும்.