மாலை வகுப்புக்கு வர்றவங்க எல்லாரும் தன்னார்வலர்களா?

வியாசை மாலை வகுப்பு:
சங்கமா பதிவு பண்ண விதிமுறை எழுதிட்டிருக்கோம். ‘தன்னார்வலர் என்பவர் யார்’ங்கிற இடத்திலேயே நிக்குது. சொல்லிக்கொடுக்க 11 பேர், பிள்ளைங்க 40. நாலு பேர் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்கள். ரெண்டு பேருக்கு மாசம் 1,500 ரூபாய் தர்றோம். ஒருத்தர் தன் பொண்ணு இங்க படிக்குதேன்னு வர்றார். மணலி கம்பெனி ஒண்ணு தன் ஊழியர்களை மாசம் ஒருநாள் அனுப்புறேன்னு சொல்லுது. எல்லாரையும் ஒரே பேர்ல எழுதலாமா?

கொருக்குப்பேட்டை கணக்கன்:
ஒரே பேர்ல எழுதாதீங்க தோழர். சர்வதேச தொழிலாளர் அமைப்பு கூட்டின புள்ளியியலாளர் மாநாடு 2013-ல தெளிவா வரையறுத்திருக்கு: கட்டாயம் இல்லாம, கூலி இல்லாம, அடுத்தவங்களுக்காகச் செய்யிற வேலை. இந்த மூணையும் வச்சு ஒவ்வொருத்தரையா பாருங்க.

பணம் கொடுத்தாலே தன்னார்வம் போயிடாது. போக்குவரத்து, சாப்பாடு, சின்ன உதவித்தொகை தரலாம். ரொக்கம்னா உள்ளூர்க் கூலியில மூணுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும். அதே மணிநேரத்துக்கு உங்க பக்கம் டியூஷன் டீச்சருக்கு 6,000 தர்றாங்கன்னா வரம்பு 2,000. 1,500 தாங்கும். டீச்சருக்கே 3,000 தான் தர்றாங்கன்னா வரம்பு 1,000, அப்போ 1,500 தாங்காது. பஸ் செலவைத் தனியா, டிக்கெட்டை வச்சு எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே தொகைன்னு கொடுத்தா ரெண்டு வருஷத்துல அது சம்பளமாவே ஆயிடும்.

என்.எஸ்.எஸ்.ல வருஷத்துக்கு 120 மணிநேரம். விரும்பிச் சேர்ந்த மாணவர்னா தன்னார்வலர்தான். பாடத்திட்டத்துல கட்டாயம்னு கல்லூரி அனுப்பினா அது படிப்போட பகுதி. தனிப் பதிவேடு போடுங்க. கம்பெனி ஊழியர் சம்பள நேரத்துல வர்றதையும் இந்த வரையறை சேர்க்காது. அது கம்பெனி தர்ற உதவி. அதே ஆள் ஞாயித்துக்கிழமை தானா வந்தா தன்னார்வலர். அந்த அப்பா சொந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது கணக்குல வராது, மத்த 39 பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறது வரும்.

நெட்டுக்குப்பம்:
இன்னொரு வரி கட்டாயம் வேணும்: தன்னார்வலர்கிட்ட எதைக் கேக்கவே கூடாதுன்னு. மழை வந்தா நம்ம பக்கம் முதல்ல கூப்பிடுறது இளைஞர்களைத்தான். சாப்பாடு பிரிச்சுக் கொடுக்கிறது, பெரியவங்களைப் படகுல ஏத்துறது சரி. சாக்கடை மேன்ஹோல்ல இறங்கச் சொல்றது தப்பு. பாதுகாப்புக் கருவி இல்லாம அதுல ஆளை இறக்க, மனுஷக் கழிவை மனுஷங்க அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டத்துல தடை இருக்கு. ‘அவனே விரும்பி இறங்கினான்’னு சொல்லித் தப்பிக்கிறதை நாம ஏத்துக்கவே கூடாது.

2023 டிசம்பர்ல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் படிஞ்சதே, அதை அள்ளுற மாதிரி வேலையும் அப்படித்தான். துணி மாஸ்க் எண்ணெய் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், நைட்ரைல் கையுறை, முழங்கால் பூட்ஸ் வேணும். எண்ணெய் யாரால வந்துச்சோ அவங்க கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலை அது. சம்பள வேலையைத் தன்னார்வம்னு பேர் மாத்தினா ஒரு மீனவனோட கூலிதான் போகும்.

ராயபுரம் டீச்சர்:
ரெண்டு பேரும் சொன்னது சரி. வரையறையில விலகும் உரிமையையும் எழுதுங்க தம்பி. ‘முடியாது’ன்னு சொல்ல முடியலைன்னா அது தன்னார்வமே இல்லை. ஆனா ஜனவரியில கணக்கு சொல்லித்தர்றவர் நின்னுட்டா பத்தாம் வகுப்புப் பிள்ளைங்கதான் தவிப்பாங்க. அதனால ஒரு பருவத்துக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லுங்க, நிக்கிறதுக்கு 15 நாள் முன்னாடி சொல்லணும்னு வைங்க, ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு பேரை வைங்க. அபராதம் மட்டும் வேண்டாம், போட்டா அது வேலை ஒப்பந்தம் மாதிரி ஆயிடும். புதுசா வர்றவர் யாரா இருந்தாலும் பிள்ளைங்களோட தனியா அறையில இருக்கக்கூடாது. எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர், கதவு திறந்திருக்கணும்.

வியாசை மாலை வகுப்பு:
நன்றி. பதிவேட்டை மூணாப் பிரிக்கிறோம்: தன்னார்வலர், படிப்புக்காக வர்றவர், நிறுவனம் அனுப்பினவர். டீச்சர், 15 நாள் விதி என்.எஸ்.எஸ். பிள்ளைங்களுக்கும் பொருந்துமா? அவங்களுக்குப் பரீட்சை நேரம் வேற வருது.

ராயபுரம் டீச்சர்:
பொருந்தும். செமஸ்டர் தேதியைச் சேரும்போதே வாங்கி வச்சுக்கோங்க, அந்த வாரங்கள்ல அவங்க பேரை அட்டவணையில போடாதீங்க.