நாசில் மாத்தின பிறகு கரும்புகை, மைலேஜும் போச்சு: பம்ப் சீலை உடைக்கலாமா?

பன்னெண்டு சக்கரம், நாமக்கல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். என் வண்டி 2011 மாடல், 12 வீல், 6 சிலிண்டர், இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா டீசல் தள்ற பழைய மாதிரி பம்ப்). சொந்த வண்டி, நானே ஓட்டுறேன். காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குதுன்னு போன மாசம், சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற 6 நாசிலும் மாத்தினேன். கம்பெனி நாசில் கட்டுப்படியாகல, பாதி விலைக்கு வேற மார்க் செட் வாங்கிப் போட்டேன். பம்பைத் தொடவே இல்ல.

அன்னையிலிருந்து லோடு ஏத்தினா கரும்புகை. சங்ககிரியில சிமெண்ட் ஏத்தி ஓசூர் போறப்ப, தொப்பூர் ஏத்தத்துல பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாது. லிட்டருக்கு 3.8 குடுத்த வண்டி இப்ப 3.2. ஐடில்ல (ஆக்சிலரேட்டரை மிதிக்காம ஓடறப்ப) ஒரு தட்டு சத்தம் வேற. பம்புல டீசலைக் குறைச்சா சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றார், அதுக்கு பம்ப் அளவை யாரும் மாத்தாம இருக்க வச்சிருக்கிற சீலை உடைக்கணுமாம். சீலை உடைக்கலாமா?

சங்ககிரி டிரைவர்

ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. எஞ்சினுக்குக் காத்து தள்ற டர்போவோட ஹோஸ்ல வெடிப்பு இருந்தாலும் ஏத்தத்துல இப்படித்தான் புகையும்.

பம்ப் பெஞ்ச், ஈரோடு

சீலை உடைக்காதீங்க தம்பி. ஏர் ஃபில்டர் பார்க்கிறது நல்லதுதான், ஆனா நாசில் மாத்தின அன்னைக்கே புகை ஆரம்பிச்சிருக்கு. முதல்ல அங்கதான் தேடணும். டீசலைக் குறைச்சா புகை குறையும், கூடவே இழுவையும் போயிடும். கோளாறு அப்படியே உள்ள இருக்கும்.

நான் 26 வருஷமா டீசல் பம்ப், நாசில் டெஸ்ட் பண்ற பெஞ்ச்ல நிக்கிறேன். வெளி மார்க் எல்லாமே மோசம்னு சொல்லமாட்டேன், நல்லா ஓடுறதும் இருக்கு. ஆனா கம்பெனி நாசிலே ஆனாலும் டெஸ்டர்ல (நாசில் திறக்கிற பிரஷரையும் ஸ்ப்ரேயையும் பார்க்கிற கருவி) போடாம எஞ்சின் ஹெட்டுக்குள்ள இறக்க விடமாட்டேன்.

முதல்ல வாஷர். நாசிலுக்கு அடியில செம்பு வாஷர் ஒண்ணு இருக்குமில்ல, பழைய நாசிலைப் பிடுங்கறப்ப அது சில நேரம் குழியிலேயே ஒட்டிக்கும். கரி படிஞ்சு கறுத்துப் போனதால டார்ச் அடிச்சாலும் ஹெட்டோட ஹெட்டாத் தெரியும். அதுமேல புது வாஷரைப் போட்டு இறக்கினா நாசில் மூக்கு ஒரு வாஷர் கனத்துக்கு மேலேயே நின்னுடும். டீசல் விழவேண்டியது பிஸ்டன் தலையில இருக்கிற குழிக்குள்ள. மூக்கு ஏறி நின்னா குழி விளிம்புலயும் வெளியிலயும் அடிக்கும், காத்தோட சரியாக் கலக்காம பாதி எரிஞ்சு கரியா வரும். என்கிட்ட 'நாசில் மோசம்'னு வர்ற வண்டிகள்ல இந்த ரெட்டை வாஷர் கேஸை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

ரெண்டாவது, நாசில் உடம்புல பொறிச்சிருக்கிற நம்பர். டி.எல்.எல்.ஏ. 150 பி-ன்னு இருந்தா அந்த 150 ஸ்ப்ரே விரியிற கோணம், டிகிரி கணக்கு. பி-க்கு அப்புறம் வர்ற நம்பர் மாறினா துளையோட எண்ணிக்கை, அளவு மாறியிருக்கலாம். சைஸ் ஒண்ணுதான்னு கடையில வேற நம்பரைக் குடுத்தா ஹோல்டர்ல அழகா உக்காரும், ஆனா டீசல் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. பழைய நாசிலைத் தூக்கிப் போடலையே? பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க.

மூணாவது, நாசில் திறக்கிற பிரஷர். இந்த மாதிரி எஞ்சினுக்கு பெரும்பாலும் 200-லிருந்து 250 பாருக்குள்ள திறக்கணும். உங்க எஞ்சின் புக்ல போட்டிருக்கிற அளவுதான் கணக்கு, ஆறும் ஒரே அளவுல இருக்கணும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தா ஷிம் (மெல்லிசான தகடு வளையம்) போட்டு ஏத்தலாம், 0.1 மி.மீ. ஷிம்முக்கு ஏறத்தாழ 10 பார் ஏறும். அப்புறம் திறக்கிற அளவுக்கு 20 பார் கீழ நிறுத்தி 10 செகண்ட் பாருங்க. மூக்குல சொட்டு விழக்கூடாது.

தட்டு சத்தம் எந்த சிலிண்டர்னு தெரியணும்னா, ஐடில்ல ஓடவிட்டு நாசிலுக்கு டீசல் வர்ற பைப் நட்டைத் துணி சுத்தி ஒவ்வொண்ணா லேசாத் தளர்த்தி இறுக்குங்க. எதைத் தளர்த்தினா சத்தம் நிக்குதோ அதுதான். இது உங்களை மாதிரி பழைய இன்லைன் பம்புக்கு மட்டும். காமன் ரயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற புது மாதிரி) வண்டி வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு ஸ்பேனரை எடுத்துடாதீங்க, அதுல பிரஷர் ஆயிரம் பாருக்கு மேலயும் போகும்.

டெஸ்டர்ல ஸ்ப்ரே அடிக்கிறப்ப கையை முன்னாடி காட்டவே கூடாது. டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், மொதல்ல வலி கூடப் பெருசா இருக்காது. என்கிட்ட வேலை பழகின பையன் ரெண்டு நாள் சொல்லாம இருந்தான், ஆள்காட்டி விரலைப் பாதி எடுக்கவேண்டியதாப் போச்சு. அப்படி ஆனா அந்த நிமிஷமே ஆபரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, டீசல் உள்ள போயிருக்குன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க.

பன்னெண்டு சக்கரம், நாமக்கல்

அண்ணா, ஆறையும் கழட்டிட்டோம். 3-லயும் 5-லயும் பழைய வாஷர் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நெம்பி எடுக்கவே அரை மணி நேரம். கோணம் எல்லாத்துலயும் பழையதோட ஒத்துப்போச்சு. ஆனா டெஸ்டர்ல 5-ம் நம்பர் நாசில் சொட்டிக்கிட்டே இருந்துச்சு, கடைக்காரர் மாத்திக் குடுத்துட்டார். பிரஷர் ஆறையும் ஒண்ணா வச்சாச்சு. நேத்து 16 டன்னோட தொப்பூர் ஏறினேன், கண்ணாடியில புகையே தெரியல. தட்டு சத்தமும் நின்னுடுச்சு.

பம்ப் பெஞ்ச், ஈரோடு

ரொம்ப சந்தோஷம் தம்பி. எஞ்சின் ஆயில் பார்த்தீங்களா? 5-ம் சிலிண்டர் ஒரு மாசமா ஒழுகியிருக்கு, அந்த டீசல் லைனர் (சிலிண்டர் சுவர்) வழியா எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சம்புக்கு இறங்கியிருக்கலாம். டிப்ஸ்டிக்ல அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடிச்சாலோ அடுத்த லோடுக்கு முன்னாடி ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்திடுங்க. பார்த்துட்டு சொல்லுங்க.