புதுப்பிப்பு: அதே பாவத்தோடு மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்கு

கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) ஆயத்தமாவது பற்றிய என் பழைய இழையின் கீழ் அதிகம் வந்த கேள்வி: “ஒவ்வொரு முறையும் அதே குடியைத்தான் சொல்கிறேன், இன்னும் போகலாமா?”

கட்டாயம் போங்கள். இனி விழவே மாட்டேன் என்ற உத்தரவாதத்தைத் திருச்சபை கேட்பதில்லை. விலக வேண்டும் என்ற உண்மையான தீர்மானம் அந்த வேளையில் இருந்தால் போதும். ஆனால் “இனி குடிக்கமாட்டேன்” என்ற பொதுவான தீர்மானம் சீக்கிரம் தளர்ந்துவிடும். பாவச் சந்தர்ப்பத்தை, அதாவது பாவத்துக்கு இழுக்கும் ஆளையோ சூழலையோ, குறிவைத்துத் தீர்மானியுங்கள்: சம்பள நாளில் யாரோடு போகமாட்டேன், பணத்தை யாரிடம் கொடுத்துவைப்பேன். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

சாவான பாவம் (தெரிந்தே, மனதாரச் செய்த கனமான பாவம்) என்றால் வகையும் எண்ணிக்கையும் சொல்லவேண்டும் (திருச்சபைச் சட்டம் 988). கணக்கு நினைவில்லையா? “வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை” என்றால் போதும். உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள், மனைவியின் குறையை அங்கே சொல்லவேண்டாம். மறந்துபோன பாவமும் மன்னிப்பில் அடங்கும், அடுத்த முறை சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றே மறைத்தால்தான் சங்கீர்த்தனமே செல்லாமல் போகும்.

திருடிய பணத்துக்குச் செபம் மட்டும் ஈடாகாது; திருப்பித் தரவேண்டும், பெயர் சொல்லாமலும் தரலாம்.

மன்னிக்கப்பட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றினால் ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போங்கள். நீண்ட சங்கீர்த்தனத்துக்குத் திருப்பலிக்கு (பூசைக்கு) முன் வரிசையில் நின்று கிடைக்கும் நேரம் போதாது, தனியாக நேரம் கேளுங்கள்.