பேக்கலைட் ரேடியோ மேல்பக்கம் வெளுத்திருக்கிறது, மணல்தாள் போடலாமா?

ஜெலுத்தோங் வாசி:
பினாங்கு லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் பழைய இங்கிலாந்து ரேடியோ ஒன்று வாங்கினேன். பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த பழுப்புப் பெட்டி, விரிசல் இல்லை. மேல்பக்கம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி சொரசொரப்பு. ஈரத்துணியால் துடைத்தால் நிறம் வருகிறது, காய்ந்ததும் பழையபடிதான். பின் அட்டையில் பெயர் கிழிந்துவிட்டது. 'ஏசி/டிசி 200–250 வோல்ட்' என்பது மட்டும் தெரிகிறது. குமிழின் பக்கவாட்டு ஓட்டையில் மெழுகு அடைத்திருக்கிறார்கள். அதைச் சுரண்டலாமா?

பழைய வால்வு:
தம்பி, முதலில் பிளக்கில் போடாதீங்க. ஏசி/டிசி செட்டில், வீட்டு மின்சாரத்தைச் செட்டிலிருந்து பிரித்து வைக்கும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கிடையாது. டிசி மின்சாரம் ஓடிய ஊர்களிலும் விற்பதற்காகச் செய்தது. புஷ் டிஏசி 90ஏ ரேடியோ கூட இந்த ரகம்தான். மின்கம்பி ஒன்று நேராகச் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், சேர்ந்திருக்கும். கம்பி மாறியிருந்தால் சேசிஸ் முழுக்க 240 வோல்ட்! குமிழுக்குள் இருக்கும் திருகில் விரல் படக்கூடாது என்றுதான் அந்த மெழுகு. பிளக்கைப் பிடுங்கி வைத்துக் கழற்றுங்க, மாட்டியதும் திரும்ப மெழுகு ஊற்றுங்க. பேக்கலைட் பெட்டியை அழகுக்கு என்று நினைக்கிறோம், ஷாக் அடிக்காமல் காப்பதும் அதுதான்.

ஈப்போ ரோடு:
மணல்தாள் வேண்டவே வேண்டாம். பீனால் பிசினோடு மரத்தூள் கலந்து, சூடான எஃகு அச்சில் அழுத்திச் செய்த பெட்டி இது. பளபளப்பு அச்சிலிருந்து வந்தது. மேலே இருப்பது மெல்லிய பிசின் தோல். வெயிலிலும் ஈரத்திலும் அது போய் மரத்தூள் வெளியே தெரிகிறது. தேய்த்தால் மிச்சத் தோலும் போகும். தண்ணீரில் ஊறவைக்காதீங்க. உலோக பாலிஷை அடிப்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்க, பஞ்சு மஞ்சள்பழுப்பானால் பேக்கலைட். அப்புறம் பழுப்பு ஷூ பாலிஷ் போதும். புதுசு மாதிரி ஆகாது, ஆனால் பார்க்க நன்றாக இருக்கும்.

முனைகள் உருண்டிருப்பதும் இந்த அச்சால்தான். கூர்மூலையில் பிசின் சரியாக ஓடாது, விரிசலும் விழும். இதையே வசதியாக்கிக்கொண்டு, 1934இல் வெளிவந்த எக்கோ ஏடி 65 ரேடியோவைக் கட்டடக் கலைஞர் வெல்ஸ் கோட்ஸ் முழு வட்டமாக வடிவமைத்தார். என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு வந்த சதுரப் பெட்டிகள் எல்லாம் சோம்பேறித்தனம்.

ஜெலுத்தோங் வாசி:
பஞ்சு பழுப்பாகிவிட்டது, நன்றி அண்ணே. மாமா வீட்டில் யானைத்தந்த நிறத்தில் ரேடியோப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே வேலைதானா?

ஈப்போ ரோடு:
ஐயோ, அதில் ஷூ பாலிஷ் போட்டுவிடாதீங்க, கறை பிடிக்கும்! பீனால் பிசின் தானே கறுக்கும், அதில் வெளிர் நிறம் வராது. அது பெரும்பாலும் யூரியா பிசின். நிறமில்லாத மெழுகு மட்டும் போடுங்க.

பழைய வால்வு:
உள்ளே வால்வுக்கு (சூடாகும் கண்ணாடிக் குழாய்) மேலே வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தால் கிழிக்காதீங்க, அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பழைய காகிதக் கப்பாசிட்டர்களை மாற்றாமல் சுவிட்சைப் போடவும் வேண்டாம்.

ஜெலுத்தோங் வாசி:
சரி அண்ணே. கோலாலம்பூர் வரும்போது ஜாலான் பாசார் கடைகளில் கப்பாசிட்டர் வாங்குகிறேன். எத்தனை வோல்ட் கேட்கணும்?

பழைய வால்வு:
630 வோல்ட். இரண்டு மின்கம்பிகளுக்குக் குறுக்கே இருப்பதற்கு மட்டும், அந்த இடத்துக்கென்றே செய்த எக்ஸ் 2 பாதுகாப்பு வகை என்று கேளுங்க.