சிலாப் வீட்டு அறைக்கு 18000 பி.ரி.யு ஏசி தேவைதானோ?

கொக்குவில்_மேற்கு எழுதியது:

யாழ்ப்பாணம் கொக்குவிலிலை தனி வீடு, மாடி இல்லை. படுக்கையறை 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. மேலை 5 அங்குலக் கொங்கிறீற் சிலாப். ஒண்டும் பூசேல்லை, பாசி பிடிச்சுக் கறுத்துப்போய்க் கிடக்கு. மேற்குச் சுவருக்குப் பின்னேர வெயில் நேரை அடிக்கும்.

இப்ப இருக்கிறது 12000 பி.ரி.யு (குளிர்த்துற அளவு) ஏசி. இன்வேட்டர் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை) இல்லை, ஆர்22 எண்ட பழைய குளிர் காஸ். இரவு 9 மணி தொடக்கம் விடிய 5 மணி மட்டும் 26 பாகையிலை ஓடும். மாதம் 340 யூனிற் வருது. ஏசி போடாத மாதம் 110. அந்த 110க்குள்ளை பழைய சீலிங் ஃபான் மூண்டும் அடக்கம்.

கடையிலை 18000 இன்வேட்டர் எடுக்கச் சொல்லுகினம். இன்னொருத்தர் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிச்சாக் காணும், ஏசியே வேண்டாம் எண்டுறார். தண்ணி ஊத்துற ஏர் கூலரும் ஒரு யோசினை. எல்லாத்துக்கும் ஒரேயடியாய்க் காசு இல்லை. எதை முதல் செய்யலாம்?

முற்றத்து_வேம்பு எழுதியது:

ஏசியைப் பற்றி யோசிக்க முதல் தலைக்கு மேலை இருக்கிற சாமானைப் பாருங்கோ. அந்த அறைக்கு மேலை இருக்கிறது கிட்டத்தட்ட 1.7 கன மீற்றர் கொங்கிறீற், 4 ரொன் பாரம். அதின்ரை சூட்டை ஒரு பாகை ஏத்த ஒரு யூனிற் கரண்டுக்குச் சமமான வெப்பம் வேணும். இறங்கேக்கை அதே ஒரு யூனிற் வெளியிலை வரும். மேற்பரப்பு மத்தியானம் கடந்து உச்சச் சூட்டுக்குப் போகும், அந்தச் சூடு 5 அங்குலம் கடந்து கீழை வர மூண்டு நாலு மணித்தியாலம் எடுக்கும். அதாலைதான் வெயில் தாழ்ந்த பிறகும் சீலிங் அடுப்பு மாதிரி இருக்குது.

யாழ்ப்பாணத்திலை சித்திரை 14, 15 அளவிலையும் ஆவணி கடைசியிலையும் சூரியன் நேரை தலைக்கு மேலை. இடைப்பட்ட மாதங்களிலை மத்தியான வெயில் வடக்குப் பக்கத்தாலை வரும். எண்டபடியால் வருசத்திலை கூடின பங்கு வெயில் விழுகிறது சிலாப்பிலைதான், சுவரிலை இல்லை. கறுத்த கொங்கிறீற் அந்த வெயிலிலை பெரும்பங்கைக் குடிச்சிடும், நல்ல வெள்ளைப் பூச்சு ஐஞ்சிலை நாலு பங்கைத் திருப்பி அனுப்பும்.

ஆனால் “வெள்ளை அடிச்சாக் காணும்” எண்டதிலை பிழைக்கிற இடங்கள் கன. சுவருக்கு அடிக்கிற இமல்சன் வேண்டாம், ஒரு மாரியோடை தோலாய் உரியும். சிலாப்புக்கெண்டு வாற, இழுபடுற அக்கிரிலிக் வெள்ளைப் பூச்சுத்தான் வேணும். முதல் பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, கம்பித் தும்பாலை உரஞ்சிக் கழுவுங்கோ. பாசிக்கு மேலை அடிச்சால் பூச்சு பாசியோடை சேர்ந்து கழரும். இரண்டு மூண்டு நாள் காய விட்டு வெடிப்புகளை அடையுங்கோ. பிறகு ஒரு வாளி தண்ணி ஊத்தி எங்கை தேங்குது எண்டு பாருங்கோ. தேங்கிற இடத்தைச் சாந்து போட்டுப் பீலிப் பக்கம் சரிவாக்காமல் பூசினால் அந்த இடத்திலைதான் முதல் கொப்பளிக்கும். தண்ணி கலந்த மெல்லிய பூச்சு ஒண்டு, அதுக்கு மேலை தடிப்பாய் இரண்டு, ஒண்டு கிழக்கு மேற்காய், மற்றது வடக்குத் தெற்காய். ஒவ்வொண்டுக்கும் இடையிலை ஒரு நாள் விடுங்கோ. மாசி தொடக்கம் ஆவணிக்குள்ளை முடிக்க வேணும், ஐப்பசி மழை கிட்டேக்கை தொடங்காதேங்கோ. மாரி முடிய வருசத்துக்கு ஒருக்கால் தேய்ச்சுக் கழுவுங்கோ. ஊத்தை படிஞ்ச வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

சுண்ணாம்பு அடிக்கிறதும் வேலை செய்யும், மலிவு. ஒவ்வொரு மாரியும் கழுவிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

50 மில்லிமீற்றர் பொலிஸ்டைரீன் அட்டையை விரிச்சு மேலை மெல்லிய கொங்கிறீற் போடுற முறையும் இருக்கு. சிலாப் ஊடாய் வாற வெப்பத்தை ஏழிலை ஒரு பங்காக்கும். செலவும் பாரமும் கூட. இன்னொரு விசயம், கன பேர் கவனிக்கிறேல்லை: வெள்ளை அடிச்ச சிலாப் இரவிலை வானத்தைப் பார்த்து ஆறும், அட்டை போட்டது மேல் பக்கத்தாலை ஆறாது. இரவிலை யன்னல் திறந்து சோளகக் (தென்மேல்) காத்தோடை படுக்கிற வீட்டுக்கு வெள்ளைதான் முதல். பகலும் ஏசி ஓடுற அறைக்கு அட்டை.

இரவு 9 மணிக்கும் விடிய 5 மணிக்கும் சீலிங் எத்தினை பாகை எண்டு அளந்து போடுங்கோ. லேசர் வெப்பமானி இருந்தாச் சுகம்.

செப்புக்குழாய் எழுதியது:

18000 வேண்டாம். இன்வேட்டர் எண்டால் பெரிசு எடுத்தாலும் குறைச்சு ஓடும்தானே எண்டு சொல்லித்தான் விக்கிறவை. குறைக்கிறதுக்கும் ஒரு அடிமட்டம் இருக்கு. கையேட்டிலை கொள்ளளவுக்குப் பக்கத்திலை அடைப்புக்குள்ளை ஆகக் குறைஞ்சதும் ஆகக் கூடினதும் போட்டிருப்பினம். பெரிய மிசினுக்கு அந்தக் கீழ் எல்லையும் பெரிசு. விடியப்பறம் உங்கடை அறைக்குத் தேவைப்படுறது அதுக்கும் கீழை போனால், கொம்பிரசர் நிண்டு நிண்டு எழும்பும், ஈரம் இறங்காது, 24இலை விட்டாலும் பிசுபிசு எண்டு இருக்கும். சிலாப் இப்ப இருக்கிற மாதிரியே கிடந்தால் 12000. சிலாப்பைத் திருத்தினால் 9000 காணும்.

வாங்கேக்கை “இன்வேட்டர்” எண்ட சொல்லை விட்டிட்டு சி.எஸ்.பி.எஃப் எண்ட எண்ணைப் பாருங்கோ, ஒரு யூனிற் கரண்டுக்கு எத்தினை பங்கு வெப்பம் இழுக்கும் எண்ட பருவச் சராசரி அது. ஐ.எஸ்.ஓ 16358 முறையிலை கணக்கிடுறது. 5க்கு மேலை இருந்தால் நல்லது.

நல்ல மிசினைப் பூட்டேக்கைதான் கெடுக்கிறது. வந்து நிக்கிற ஆளிட்டை வெற்றிடப் பம்பும் மைக்கிரோன் மீற்றரும் (வெற்றிடத்தை அளக்கிறது) இருக்கோ எண்டு கேளுங்கோ. காஸைக் கொஞ்சம் திறந்து குழாயிலை இருக்கிற காத்தைத் தள்ளிவிடுற பழைய பழக்கம் இப்பவும் இருக்கு. ஈரமும் காத்தும் உள்ளை நிண்டால் எண்ணெய் கெடும், கொம்பிரசர் சில வருசத்திலை சாகும். 500 மைக்கிரோனுக்குக் கீழை இறக்கி, பம்பை நிப்பாட்டி, 10 நிமிசம் பார்க்க வேணும். ஏறினால் கசிவு அல்லது ஈரம். குழாய் பொருத்துற பிளேயர் நட்டைக் கைப்பழக்கத்திலை இறுக்காமல், அளவு காட்டுற ரோர்க் ஸ்பானராலை இறுக்க வேணும்: கால் அங்குலக் குழாய்க்கு 15 தொடக்கம் 18 நியூற்றன் மீற்றர், 3/8க்கு 35 தொடக்கம் 40. கூட இறுக்கினாலும் வெடிச்சுக் கசியும்.

சின்ன ஸ்பிளிற்றுகளிலை விரிவு வால்வு வெளி மிசினுக்குள்ளை இருக்கிறதாலை இரண்டு குழாயும் குளிராய்த்தான் வரும். இரண்டுக்கும் தனித்தனி உறை. ஒரே உறைக்குள்ளை சேர்த்துச் சுத்தினால் ஒண்டின்ரை சூடு மற்றதுக்குப் போகும்.

முக்கியமாய், பழைய ஆர்22 மிசினுக்கு ஆர்32 எண்ட புதுக் காஸ் அடிக்க ஆரும் வந்தால் கேற்றோடை அனுப்புங்கோ. அழுத்தமும் வேறை, எண்ணெயும் வேறை, ஆர்32 மெல்லமாய்த் தீப்பிடிக்கக் கூடியது.

பனங்கூடல் எழுதியது:

ஏர் கூலர் தண்ணி ஆவியாகிறதாலை குளிர்த்துறது. எங்கடை காத்திலை ஏற்கெனவே ஈரம் கூட, மூடின அறைக்குள்ளை அரை மணித்தியாலத்திலை புழுக்கம்தான் மிச்சம். அதோடை எங்கடை சுண்ணாம்புக் கல்லுக் கிணத்துத் தண்ணி. கேத்திலுக்குள்ளை படியிற வெள்ளை, கூலரின்ரை தும்பிலையும் படிஞ்சு அடைக்கும். அந்த யோசினையை விடுங்கோ.

கொக்குவில்_மேற்கு எழுதியது:

அளந்து பார்த்தன். சீலிங் இரவு 9க்கு 39, விடிய 5க்கு 28. யன்னலுக்கு மேலை பூக்கல் வைச்ச காத்துத் துவாரம் இரண்டு இருக்கு, அது திறந்தபடிதான். வெள்ளைக்குப் பதிலாய் மேலை கிடுகுக் கொட்டில் போட்டால்? அல்லது சோலர்?

முற்றத்து_வேம்பு எழுதியது:

11 பாகை இறங்கியிருக்கு, எண்டால் 11 யூனிற் வெப்பம் போயிருக்கு. மூண்டிலை இரண்டு பங்கு வானத்துக்கு, மிச்சம் 4 யூனிற் அளவு உங்கடை கட்டிலுக்கு மேலை. பகல் முழுக்கச் சுவரையும் நிலத்தையும் அதே சிலாப் சூடாக்கினது வேறை.

இப்ப பில்லைப் பார்ப்பம். 340இலை 110 போக 230, ஒரு இரவுக்கு 7.7 யூனிற். பழைய மிசின் ஒரு யூனிற்றுக்கு 2.4 பங்கு வெப்பம் இழுக்குது எண்டு வைச்சால் இரவுக்கு 18 யூனிற் வெப்பம். சிலாப்பைத் திருத்தினால் அது 13 ஆகும் எண்டு எடுப்பம்.

சிலாப் மட்டும் திருத்தி அதே பழைய ஏசி: 13ஐ 2.4ஆலை பிரிக்க 5.4. மாதம் 162.
ஏசி மட்டும் மாத்தினால், புது மிசின் ஒண்டுக்கு நாலு இழுக்கும் எண்டு வைச்சால் 4.5. மாதம் 135.
இரண்டும்: 3.25. மாதம் 98.

கரண்டுக் கணக்கிலை ஏசி மாத்திறது முந்துது எண்டதை ஒத்துக்கொள்ளுறன். எண்டாலும் நான் சிலாப்பைத்தான் முதல் செய்வன். கரண்ட் நிண்ட இரவிலையும் அது வேலை செய்யும், பகலிலை ஃபானோடை இருக்கலாம், பிறகு 9000 வாங்கிறதாலை ஏசியிலையும் காசு மிஞ்சும்.

கிடுகு நல்லாய் வேலை செய்யும், ஏன் எண்டால் வெயில் சிலாப்பிலை விழாது. ஒன்றரை அடியாவது இடைவெளி விட்டு, காத்துப் போக இரண்டு பக்கமும் திறந்திருக்க வேணும். சிலாப்பைத் துளைச்சுக் கம்பு நடாதேங்கோ, ஒழுக்கு அதாலைதான் வரும். பாரமான கொங்கிறீற் கட்டைகளிலை கட்டுங்கோ. கார்த்திகை, மார்கழி காத்துக்கு முதல் கயிறு பார்க்க வேணும். வருசப்பிறப்பு வெடியிலை ஒரு பொறி விழுந்தாலும் கதை முடிஞ்சுது.

சோலரும் நிழல்தான். 550 வாற் தட்டு 9 போட்டால் 5 கிலோவாற் வரும், 23 சதுர மீற்றர் அளவு மூடும். உங்கடை அறை 13.4 சதுர மீற்றர். சோலர் போடுற எண்ணம் இருந்தால் படுக்கையறைக்கு மேலையே போடச் சொல்லுங்கோ. தட்டுக்குக் கீழை வெள்ளை அடிக்கிறதை முதல் முடியுங்கோ, பிறகு பிரஷ் போகாது.

செப்புக்குழாய் எழுதியது:

எனக்கு அந்த ஒழுங்கு முழுக்கச் சரியாய்ப் படேல்லை. ஆர்22 மிசின் எப்பவும் நிக்கலாம், நிண்டால் அவசரத்திலை கடைக்காரன் காட்டினதைத்தான் வாங்க வேண்டி வரும். ஆனால் எங்கடை சண்டை பெரிசில்லை. பூக்கல்லை முதல் அடையுங்கோ. அதுக்குப் பெரிய காசு தேவையில்லை: உள்பக்கத்தாலை பலகையோ தடிச்ச பிளாஸ்ரிக்கோ, ஓரத்துக்கு சிலிக்கன். ஏசி ஈரத்தை இறக்க, அந்த இரண்டு ஓட்டையாலையும் புது ஈரம் வந்துகொண்டிருக்குது. ஏசி போடாத காலத்திலை கழட்டக் கூடினதாய்ச் செய்யுங்கோ, மூச்சுக்காத்து வேணும்.

வெளி மிசினை மேற்குச் சுவரிலையும் சிலாப்புக்கு மேலையும் வைக்காதேங்கோ. இரவு ஓட்டத்துக்குக் கிழக்குச் சுவர் நல்லது. முன்னுக்கு வேலியோ மதிலோ கிட்ட நிண்டால் தன்ரை சூட்டுக் காத்தையே திருப்பி இழுக்கும். கொக்குவிலிலை உப்புக் காத்து அவ்வளவு இல்லை. குருநகர், பருத்தித்துறை, தீவுப் பக்கத்து ஆக்கள் பூச்சுப் போட்ட தகடு உள்ளதாய்ப் பார்த்து வாங்கி, மாதத்துக்கு ஒருக்கால் நல்ல தண்ணியாலை கழுவ வேணும். உவர்க் கிணத்துத் தண்ணியாலை கழுவினால் உப்புக்கு மேலை உப்பு. ஏசியாலை வடியிற தண்ணியை வாளியிலை பிடிச்சு வையுங்கோ, அது உப்பில்லாத தண்ணி. குழாய் நுனி வாளித் தண்ணிக்குள்ளை தாழாமல் பார்க்க வேணும், தாழ்ந்தால் வடியாமல் அறைக்குள்ளை ஒழுகும். சோளகக் காலத்திலை புழுதி கூட, பில்ரரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவுங்கோ.

நியூட்ரல் எழுதியது:

வயரிங் பக்கத்தை ஒருத்தரும் தொடேல்லை. ஏசிக்கு விநியோகப் பெட்டியிலை இருந்து தனி வயர், 2.5 சதுர மில்லிமீற்றர், தனி பிரேக்கர். ஃபான் பிளக்கிலை இருந்து எக்ஸ்ரென்சன் இழுக்கிற வேலை வேண்டாம். 30 மில்லி அம்பியர் ரிப் சுவிற்ச் (கரண்ட் கசிஞ்சால் தானாய் விழுறது) கட்டாயம். இன்வேட்டர் பலகையைக் கொல்லுறது மின்னலும் கரண்ட் போய் வாற நேர அடியும்தான், எண்டபடியால் அந்த அடியைத் தாங்கிற சேர்ஜ் புரொரெக்ரர் போடுங்கோ. அது எர்த் சரியாய் இருந்தால்தான் வேலை செய்யும். மண் ஆழமில்லாமல் கல்லு வாற காணியிலை எர்த் கம்பி பாதியிலை நிண்டிடும், வெட்டி விட்டிட்டுப் போறவையும் இருக்கினம். கிணத்தடி, வாழையடி மாதிரி எப்பவும் ஈரம் நிக்கிற இடத்திலை இறக்கி, மீற்றர் வைச்சு அளக்கச் சொல்லுங்கோ, அதுவும் ஆடி ஆவணி வறட்சியிலை.

மற்றது, வேம்பரின்ரை கணக்கின்படி இரண்டையும் செய்தாலும் 110உம் 98உம் 208. வீட்டுக் கரண்டுக் கட்டணத்திலை 180ஐத் தாண்டின யூனிற்றுக்குத்தான் ஆகக் கூடின விலை. மிச்ச 28ஐ ஃபானிலை பிடிக்கலாம். பழைய சீலிங் ஃபான் முழு வேகத்திலை 75 வாற் அளவு இழுக்கும், பி.எல்.டி.சி எண்ட புது வகை மோட்டர் ஃபான் 30. மூண்டு ஃபான், நாளுக்குப் 10 மணித்தியாலம் எண்டால் நாளுக்கு 1.35 யூனிற், மாதம் 40 யூனிற் குறையும். 168இலை நிக்கும்.

படுக்கையறை ஃபானை ஏசியோடை சேர்த்து மெல்லமாய் ஓட விட்டு, ஏசியை 27இலை வைச்சுப் பாருங்கோ. பி.எல்.டி.சி பூட்டேக்கை சுவரிலை இருக்கிற பழைய ரெகுலேற்றரைக் கழட்டி நேரடியாய் இணைக்க வேணும். அதை விட்டிட்டுப் பூட்டினால் ஃபான் விட்டு விட்டுச் சுத்தும், உள்ளுக்கு இருக்கிற பலகை எரியும், கடைக்காரன் கராண்டியும் தரமாட்டான்.