ஸ்க்ரோல் செய்தால் சிவப்பு வேறு வரிக்குப் போகிறது, அழித்தால் வேறு சரக்கு காணாமல் போகிறது (ஜாவாஎஃப்எக்ஸ் டேபிள்வியூ)

எல்போ_டீ_கப்ளிங்:

மாமாவின் ஹார்டுவேர் கடைக்குச் சரக்குக் கணக்கு பார்க்க ஒரு சின்ன டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜாவா 17, ஜாவாஎஃப்எக்ஸ் 17 (ஜாவாவில் திரை, பட்டன் எல்லாம் செய்யும் நூலகம்). ஒரே திரைதான். அதில் ஒரு டேபிள்வியூ (அட்டவணை): பெயர், அளவு, கையிருப்பு, விலை. மொத்தம் 2,300 வரி சொச்சம். கையிருப்பு 10-க்குக் கீழே போனால் வரி முழுக்கச் சிவப்பாக வேண்டும், மாமா கேட்டது அது ஒன்றுதான். ரோ ஃபேக்டரியில் (வரிகளைச் செய்து கொடுக்கும் இடம்) ஒரு இஃப் போட்டு, 10-க்குக் குறைந்தால் செட்ஸ்டைல் மூலம் சிவப்புப் பின்னணி கொடுத்தேன்.

திறந்தவுடன் சரியாகத்தான் தெரிகிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் 400 பீஸ் இருக்கிற அரை இஞ்ச் எல்போ சிவப்பாகிவிடுகிறது. மேலே போய்த் திரும்பி வந்தால் அது வெள்ளை, பக்கத்து வரி சிவப்பு. தேடல் பெட்டியில் "டீ" (T வடிவக் குழாய் இணைப்பு) என்று அடித்தால் நாலு வரிதான் மிஞ்சும். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாத காலி வரிகளும் சிவப்பு!

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேடல் பெட்டி வைத்ததும் (தேடலுக்குப் பொருந்துவதை மட்டும் காட்டும் ஃபில்டர்டுலிஸ்ட்) தலைப்பைக் கிளிக் செய்தால் வரிசைப்படுத்துவது நின்றுபோனது. தேடிப் பார்த்து, அதை ஒரு சார்ட்டட்லிஸ்ட்டுக்குள் (அடுக்கிக் காட்டும் பட்டியல்) வைத்து, அதன் கம்பேரேட்டரை (அடுக்கும் விதி) டேபிளோடு பைண்ட் செய்தேன், வேலை செய்தது. நேற்று மாமா விலைவாரியாக அடுக்கிவிட்டு, இனி வாங்கப்போவதில்லை என்று ஒரு கேட் வால்வை அழித்திருக்கிறார். போனது முக்கால் இஞ்ச் பால் வால்வு. "மாப்ளே, உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையா?" என்று போன். முந்தின இரவு பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். ஆனால் பழைய கணக்கு நோட்டு மறுபடியும் கல்லாப்பெட்டி மேல் ஏறிவிட்டது.

அழிக்கும் இடத்தில் கெட்செலக்டட்இண்டெக்ஸ் (தேர்வான வரியின் எண்) எடுத்து, மூலப் பட்டியலில் அந்த எண்ணை ரிமூவ் செய்கிறேன். தேடல் பெட்டி வைக்கும் முன்னும் இதே நிரல் வரிதான், ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. விலைவாரியாக அடுக்கிய திரையின் படம் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

பழைய ஸ்விங் ஆள்:

சிவப்பு விஷயத்தை முதலில் பார்ப்போம். உங்களிடம் 2,300 சரக்கு இருக்கலாம், டேபிள்வியூ அத்தனை வரிகளைச் செய்வதில்லை. திரையில் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் வரிகளைச் செய்துகொண்டு, அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். நம்பிக்கை இல்லாவிட்டால் ரோ ஃபேக்டரிக்குள் ஒரு பிரிண்ட் போட்டு எண்ணிப் பாருங்கள், சில டஜனைத் தாண்டாது. டிபன் கடையில் தட்டு முப்பதுதான், சாப்பிட வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். தட்டைக் கழுவாமல் வைத்தால் முன்னால் சாப்பிட்டவரின் சட்னி அடுத்தவருக்கு வரத்தானே செய்யும்? உங்கள் கோடில் (code) இஃப் இருக்கிறது, எல்ஸ் இல்லை. கழுவும் வேலை அந்த எல்ஸில்தான்.

அப்டேட்ஐட்டத்தை (வரிக்குள் ஒரு சரக்கை வைக்கும்போது ஓடுவது) ஓவர்ரைடு செய்து, முதலில் சூப்பரை அழையுங்கள். எம்ப்டி ட்ரூவாக இருந்தாலோ ஐட்டம் null ஆக (ஒன்றும் இல்லாமல்) இருந்தாலோ ஸ்டைலைக் காலி ஸ்ட்ரிங் ஆக்குங்கள். இல்லையென்றால் கையிருப்பைப் பார்த்து சிவப்போ காலியோ, இரண்டில் ஒன்றைக் கண்டிப்பாக வையுங்கள். காலி வரிச் சிவப்பும் இதிலேயே போய்விடும்.

இன்னொன்று. செட்ஸ்டைலில் கொடுத்த பின்னணி, வரியைத் தேர்ந்தெடுக்கும்போது வருகிற நீல நிறத்தையும் மூடிவிடும். அதாவது சிவப்பு வரியை மாமா கிளிக் செய்தாலும் எது தேர்வாகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அழிக்கும் பட்டன் இருக்கிற திரையில் இது ஆபத்து. சூடோகிளாஸ் (வரியின் நிலையைச் சொல்லும் அடையாளம்) ஒன்று வைத்து, நிறத்தை சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) சொல்லுங்கள், தேர்வான வரிக்கு அங்கேயே தனி நிறம் கொடுக்கலாம்.

(ஜாவாவின் பழைய திரை நூலகமான ஸ்விங்கின் ஜேடேபிளில் ஒரே ரெண்டரர்தான் எல்லாக் கட்டத்துக்கும் வரையும். அங்கே இதே தப்பைச் செய்தால் மொத்த டேபிளும் சிவக்கும். நான் செய்திருக்கிறேன்.)

வடிகட்டிக்காரன்:

வால்வு கதைக்கு வருகிறேன். கெட்செலக்டட்இண்டெக்ஸ் தருவது திரையில் அது எத்தனையாவது வரி என்பதை. நீங்கள் அந்த எண்ணை மூலப் பட்டியலில் போடுகிறீர்கள். தேடல் பெட்டி வருவதற்கு முன், தலைப்பைக் கிளிக் செய்தால் டேபிள்வியூ மூலப் பட்டியலையே கலைத்து அடுக்கிவிடும், அதனால் இரண்டு எண்ணும் எப்போதும் ஒன்றாக இருந்தன. அப்போது கோடு சரியாக இருந்ததால் தப்பிக்கவில்லை, அதிர்ஷ்டத்தில் தப்பித்தீர்கள். இப்போது மூலப் பட்டியல் அசையாமல் கிடக்கிறது. அடுக்குவது சார்ட்டட்லிஸ்ட் மட்டும்.

எண்ணை விட்டுவிடுங்கள். கெட்செலக்டட்ஐட்டம் எடுத்து, அந்தப் பொருளையே மூலப் பட்டியலிலிருந்து ரிமூவ் செய்யுங்கள். சார்ட்டட்லிஸ்ட்டில் நேரடியாக அழிக்கப் பார்க்காதீர்கள், எக்ஸெப்ஷன்தான் வரும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: சரக்கு கிளாஸில் ஈக்வல்ஸ் (இரண்டு சரக்கும் ஒன்றா என்று சொல்வது, ரிமூவ் அதை வைத்துத்தான் தேடும்) எழுதியிருக்கிறீர்களா? எதை வைத்து?

எல்போ_டீ_கப்ளிங்:

அய்யோ. பெயரை மட்டும் வைத்து எழுதியிருக்கிறேன். "எல்போ" என்ற பெயரில் ஆறு அளவு இருக்கிறது. நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் ஒரு இஞ்ச்சை அழித்து அரை இஞ்ச்சைத் தொலைத்திருப்பேன். ஈக்வல்ஸையே தூக்கிவிட்டேன்.

சிவப்பும் சரியாகிவிட்டது, நன்றி. சூடோகிளாஸுக்கே மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்று மிச்சம்: பில் போட்டதும் கையிருப்பு 11-லிருந்து 8 ஆகிறது, கட்டத்தில் எண்ணும் மாறுகிறது. வரி மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. கீழே உருட்டிவிட்டு மேலே வந்தால்தான் சிவக்கிறது.

பழைய ஸ்விங் ஆள்:

கட்டத்தில் இருக்கிற எண், ப்ராப்பர்ட்டியோடு (மாறினால் தானே தெரிவிக்கும் மதிப்பு) கட்டப்பட்டிருக்கிறது, அது தானாக மாறும். வரியில் இருக்கிற பொருள் அதே பொருள்தான் என்பதால், வரியின் அப்டேட்ஐட்டத்தை யாரும் கூப்பிடவில்லை. பில் முடிந்ததும் டேபிளின் ரெஃப்ரெஷ் கூப்பிடுங்கள். ஜாவா 8 அப்டேட் 60-லிருந்து இருக்கிறது. தெரிகிற வரிகளுக்குத்தான் வேலை என்பதால் 2,300-ஐ நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வடிகட்டிக்காரன்:

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலை 100, 1050, 12, 9 என்று இறங்குகிறது. அந்த நெடுவரிசை (column) ஸ்ட்ரிங், அதாவது எண்ணல்ல, எழுத்து, அதனால் எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. மாமா விலைவாரியாக அடுக்கினார் என்றீர்களே, அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். நம்பராக மாற்றிவிட்டு, ரூபாய்க் குறியை செல் ஃபேக்டரியில் (கட்டத்தில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் இடம்) சேருங்கள்.

எல்போ_டீ_கப்ளிங்:

ஆமாம், டெக்ஸ்ட்ஃபீல்டில் வந்ததை அப்படியே போட்டு வைத்த சோம்பேறித்தனம். பிக்டெசிமல் (துல்லியமான எண் வகை) ஆக்கிவிட்டேன், ரெஃப்ரெஷ்ஷும் போட்டாச்சு. இன்று காலை மாமா முன்னாலேயே விலைவாரியாக அடுக்கி, "டெஸ்ட்" என்று ஒரு சரக்கைச் சேர்த்து, அழித்துக் காட்டினேன். சரியாக அதுதான் போனது. அவர் தலையை ஆட்டினார், அப்புறம் நோட்டை எடுத்துப் பால் வால்வு எண்ணிக்கையைச் சரிபார்த்தார்.