டர்பன்ல கப்பல் ஏறினவங்க சொல்லுங்க: கூட்டம் எப்படி இருந்துச்சு?

கடலோரம், டர்பன்

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் பிறந்தாச்சு, துறைமுகத்துல உல்லாசப் பயணம் போற வெள்ளைக் கப்பல் வந்து நிக்க ஆரம்பிச்சாச்சு. எங்க குடும்ப வாட்ஸ்அப்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் "போலாமா, வேணாமா"ன்னு ஒரே பேச்சு. நான் பட்டதை முதல்ல சொல்றேன். நீங்களும் எழுதுங்க, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு உதவும்.

என் மாமியாருக்கு 74 வயசு. இங்க டர்பன்லயே மேர்பேங்க்ல பிறந்து வளர்ந்தவங்க. நான் காரைக்குடிப் பொண்ணு, கல்யாணமாகி இங்க வந்தவ. அத்தையோட கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா மதராஸ்ல கப்பல் ஏறினவர். 1860 நவம்பர் 16ல 'ட்ரூரோ'ங்கிற முதல் கூலிக் கப்பல் 342 பேரோட இங்க வந்து சேர்ந்துச்சே, அதுக்கு அப்புறம் வந்த கப்பல்கள்ல ஒண்ணு. அதனால அத்தைக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. கப்பல் துறைமுக வாயைத் தாண்டற நேரத்துல மேல்தளத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கடல்ல இருந்து பார்த்தா இந்தக் கரை எப்படித் தெரியும்னு பாக்கணும். அவ்வளவுதான்.

முதல் தடவை 2022 பிப்ரவரி. ஓமிக்ரான் அலை அப்பதான் அடங்கியிருந்துச்சு. ஊசி போட்ட சான்று, சோதனை முடிவு, முகக்கவசம் எல்லாம் கேட்டாங்க. ஆனா கப்பல் பாதிக்கு மேல காலி. சாயங்காலம் கப்பல் கிளம்பறப்ப அத்தை கம்பி ஓரமா நின்னாங்க, ரெண்டு பக்கமும் பத்தடிக்கு ஆளே இல்ல. ஒரு பக்கம் பிளஃப் மேடு, இன்னொரு பக்கம் பாயிண்ட்ங்கிற கரைமுனை. அத்தை செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க. நான் ஒரு போட்டோ எடுத்தேன், அது இன்னும் சாமி மாடத்துக்குப் பக்கத்துல இருக்கு.

ரெண்டாவது தடவை 2023 டிசம்பர், பள்ளிக்கூட லீவு, நாலு ராத்திரி. நாங்க அஞ்சு பேர், ரெண்டு அறை. உள்ள போனதுமே வித்தியாசம் தெரிஞ்சுபோச்சு. போன தடவை சுவரோட சுவரா மடிச்சிருந்த கட்டிலை இந்தத் தடவை இறக்கி விரிச்சு, ஏணி சாத்தி வச்சிருந்தாங்க. என் மகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு மட்டும் பெட்டியை வைக்க இடமில்ல.

கப்பல் கிளம்பற நேரம் வந்துச்சு. அத்தை அரைமணி நேரம் முன்னாடியே புடவை மாத்தி, கைத்தடியை எடுத்துக்கிட்டுத் தயாரா நின்னாங்க. எங்க அறை எட்டாவது தளம், மேல்தளம் பதிமூணு. லிஃப்ட் வரும், கதவு திறக்கும், உள்ள தோளோட தோள் இடிச்சுக்கிட்டு ஆளுங்க. கதவு மூடும். அத்தை மறுபடி பொத்தானை அமுக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் அந்த வளைஞ்ச ஆள்காட்டி விரலை நிமித்தி, மெதுவா அமுக்கினாங்க. ஏழு தடவை எண்ணினேன். எட்டாவது லிஃப்ட்ல ரெண்டு பேர் இறங்கி எங்களுக்கு இடம் குடுத்தாங்க. மேல போய்ச் சேர்ந்தா கம்பி ஓரமா மூணு வரிசை ஆளு. பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்குது. அத்தை உயரம் அஞ்சடிகூட இல்ல. முதுகுகளைத்தான் பாத்தாங்க. நான் "கொஞ்சம் வழி விடுங்க"ன்னு ரெண்டு பேரைக் கேட்டேன், அவங்களுக்குக் காதுல விழல. கப்பல் வாயைத் தாண்டிடுச்சு. "பரவால்லம்மா, போன தடவை பாத்தாச்சு"ன்னாங்க அத்தை. அறைக்கு வந்து புடவையை மடிச்சு வைக்கிறப்ப ஒண்ணுமே பேசல.

மூணாம் நாள் மொசாம்பிக் கரையில பொமேனேல இறங்கணும். அங்க கப்பலைக் கட்ட துறை கிடையாது, சின்னப் படகுலதான் கரைக்குக் கொண்டுபோவாங்க. அன்னிக்கு அலை அதிகம், படகு இறக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கடலை யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கரைக்குப் போயிருக்க வேண்டிய ஜனம் பூரா ஒரே நேரத்துல கப்பல்லயே இருந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீச்சல்குளத்துல தண்ணியே தெரியல. காலை ஆறரைக்கே எல்லா சாய்வு நாற்காலியிலயும் ஒரு துண்டு, ஒரு செருப்பு, ஆள் மட்டும் இல்ல. வெள்ளிக்கிழமைங்கிறதால அத்தைக்குச் சைவம். சைவ வரிசைன்னு தனியா ஒண்ணும் இல்ல, எல்லாத்துக்கும் ஒரே வரிசைதான். ஈரத்தரையில கைத்தடி ஒருமுறை வழுக்கிடுச்சு. நான் பிடிக்கலேன்னா விழுந்திருப்பாங்க.

அப்பதான் அந்தத் தம்பி வந்தான். நான் அத்தைகிட்ட தமிழ்ல பேசறதைக் கேட்டு ஓடிவந்து, "ஆச்சி, நீங்க உக்காருங்க"ன்னு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். தூத்துக்குடிப் பையன், எங்க தளத்துல அறைகளைப் பாத்துக்கிறவன். அன்னியில இருந்து அத்தைக்குச் சாப்பாடு அறைக்கே வந்துச்சு. நான் கேட்கல, அவனாதான் செஞ்சான். அவன் முகத்தைப் பாத்தா தூங்கி ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கும். "போன சீசன்லாம் பாதி அறை காலிக்கா. இப்ப எல்லா அறையிலயும் சுவத்துக் கட்டிலை இறக்குறேன்"னான்.

அவன்கிட்ட அத்தை ஆசையைச் சொன்னேன். "திரும்பி வர்றப்ப விடியக்காலம் நாலே முக்காலுக்கு ஏழாம் தளத்து வெளி நடைபாதைக்கு வாங்க, யாரும் இருக்க மாட்டாங்க"ன்னான். போனோம். பிளஃப் மேடு அப்பதான் வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. கப்பலைத் துறைமுகத்துக்குள்ள கொண்டுவர வழி காட்டற பைலட்டை ஹெலிகாப்டர்ல கொண்டுவந்து கயித்துல இறக்கினாங்க, டர்பன்ல அப்படித்தான். அத்தை கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அந்த நீள நடைபாதையில எங்களைத் தவிர ஒரு ஆள் இல்ல.

என் கேள்வி இதுதான். கப்பல் அதே கப்பல்தான். ஜனம் மட்டும் எப்படி இவ்வளவு கூடுச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய கப்பல்காரன், கேப் டவுன்

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். நான் பதினோரு வருஷம் கப்பல் சமையல்கட்டுல இருந்தவன். உங்க கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

விளம்பரத்துல "இத்தனை பேர் பயணிக்கும் கப்பல்"னு போடற எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு அறைக்கு ரெண்டு பேர்ங்கிற கணக்கு. எல்லா அறையிலயும் ரெண்டு பேர் இருந்தா அது நூறு சதவீதம். உங்க மகள் படுத்த சுவத்துக் கட்டில் அந்தக் கணக்குல வராது. அதுலயும் ஆள் ஏறினா நூத்தைத் தாண்டிடும். அதனாலதான் கம்பெனிக்காரங்க 105, 110 சதவீதம்னு பேசிக்குவாங்க. புதுசா கேக்கறவங்க அதிர்ந்துபோவாங்க. அது சட்டமீறல் இல்ல. அந்தக் கப்பலுக்கு அனுமதிச்ச மொத்த எண்ணிக்கை வேற, அதை யாரும் தாண்ட மாட்டாங்க. ஏறின அத்தனை பேருக்கும், ஊழியர்களையும் சேர்த்து, உயிர்காப்புப் படகுலயும் மிதவையிலயும் இடம் இருக்கணும். அதுக்கு மேல கூடுதலாவும் இருக்கணும். அந்த விஷயத்துல பயப்படாதீங்க.

ஒரு உதாரணம். 2024 ஜனவரியில மயாமில இருந்து கிளம்பின 'ஐகான் ஆஃப் தி சீஸ்', உலகத்துலயே பெரிய பயணிகள் கப்பல்னு பேரு வாங்கிச்சு. அறைக்கு ரெண்டு பேர்னா 5,610 பயணிகள். எல்லாக் கட்டிலும் நிறைஞ்சா 7,600. ஒரே கப்பல்தான், கிட்டத்தட்ட ரெண்டாயிரம் பேர் வித்தியாசம். இந்த வித்தியாசம் எப்ப வரும்? பள்ளிக்கூட லீவுலதான். மூணாவது, நாலாவது கட்டில்ல படுக்கறது குழந்தைங்கதானே.

கப்பலோட மொத்த டன்னேஜை ஆள் கணக்கால வகுத்துப் பாருங்க. டன்னேஜ்னா எடை இல்ல, கப்பலுக்குள்ள இருக்கிற இட அளவு. நான் சொன்ன கப்பல் 248,663. 5,610ஆல வகுத்தா 44 வரும், 7,600ஆல வகுத்தா 33க்குக் கீழ போயிடும். எண் பெருசா இருந்தா ஒரு ஆளுக்கு இடம் ஜாஸ்தி. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க கப்பலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கலாம். நான் என் தங்கச்சி குடும்பத்துக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன்.

உலக நிலவரமும் அப்படித்தான். 2019ல மொத்தம் 2 கோடியே 97 லட்சம் பேர் இந்த மாதிரிக் கப்பல்ல போனாங்க. 2021ல அது 48 லட்சம். 2023ல 3 கோடியே 17 லட்சம். பழைய அளவைத் தாண்டியே போயிடுச்சு. நீங்க முதல்ல போனது அந்தப் பள்ளத்துல அக்கா. அந்த மாதிரி காலியான கப்பல் இனிமே வராது.

2020ல நான் கப்பல்லயே மாட்டிக்கிட்டேன். பயணிகளை இறக்கி அனுப்பிட்டாங்க, எங்களை எந்த ஊரும் கரைக்கு விடல. மாசக்கணக்குல நங்கூரம் போட்டு நின்னோம். மூவாயிரம் பேருக்குச் சமைச்ச அடுப்புல நாங்களே சமைச்சு நாங்களே தின்னோம். அந்தப் பெரிய சாப்பாட்டுக் கூடத்துல கரண்டி விழுந்தா சத்தம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். சம்பளம் எப்ப வரும்னு தெரியாம படுத்திருந்தோம். அதனால கப்பல் நிறைஞ்சு கிளம்புதுன்னு கேட்டா என் கண்ணு கலங்கும். ஆனா ஆள் நிறையற அளவுக்கு வேலைக்காரங்களை ஏத்த மாட்டாங்க. ஊழியர் தங்கற கட்டிலுக்கும் அளவு உண்டு இல்லையா. அந்தத் தூத்துக்குடித் தம்பி தூங்காததுக்குக் காரணம் அதுதான். அவனைப் பத்தி கருத்துப் படிவத்துல பேரோட எழுதினீங்களா? எழுதலேன்னா அடுத்த தடவை எழுதுங்க. அந்தப் படிவத்துல வர்ற பேருக்குக் கம்பெனிக்குள்ள மதிப்பு உண்டு.

லெனாசியா அண்ணன்

எனக்கு அந்தக் கூட்டம் பிடிச்சிருந்தது, மறைக்காம சொல்றேன். போன டிசம்பர்ல போனோம். சாப்பாட்டு மேசை கிடைக்காம தட்டைக் கையில வச்சுட்டு நின்னப்ப, பீட்டர்மாரிட்ஸ்பர்க் குடும்பம் ஒண்ணு "வாங்கண்ணே, நெருக்கி உக்காரலாம்"னு கூப்பிட்டாங்க. பேச்சுவாக்குல பார்த்தா அவங்க பெரியம்மா எங்கம்மாவோட ஒரே தமிழ்ப் பள்ளியில படிச்சவங்க. பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். என் பையனுக்கு அங்க மூணு சிநேகிதங்க. காலியான கப்பல்ல இதெல்லாம் நடந்திருக்காது.

ஆனா தங்கச்சி, உங்க அத்தை கம்பி ஓரம் நிக்க முடியாமப் போனதைப் படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. அந்த முதுகுகள்ல ஒண்ணு என்னுதா இருந்திருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பேனான்னு யோசிச்சேன். இனிமே பாப்பேன்.

பீனிக்ஸ் நர்ஸ்

நான் சுகாதாரம் பற்றி மட்டும் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா வந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். இன்று கூட்டக் கப்பலில் எளிதில் பரவுவது வாந்தி பேதி, முக்கியமாக நோரோவைரஸ். நாங்கள் போன பயணத்தில் பக்கத்து அறைக் குழந்தைக்கு வந்தது, மறுநாள் அதன் அம்மாவுக்கு, அதற்கடுத்த நாள் என் கணவருக்கு.

சாப்பாட்டுக் கூட வாசலில் கையில் தெளிக்கும் ஜெல்லை நம்பி உள்ளே போகாதீர்கள். இந்தக் கிருமியிடம் அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறது என்று கை கழுவாமல் புகுந்துவிடுகிறார்கள், நானே பார்த்தேன். பொதுக் கரண்டியைத் தொட்ட பிறகு, வாயில் கை வைக்கும் முன் இன்னொரு முறை கழுவுங்கள். பெரியவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து எடுத்துப் போங்கள். வயதானவர்களுக்கு உடம்பில் தண்ணீர் குறைவது சட்டென்று ஆபத்தாகிவிடும். உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள் அக்கா. அறையிலேயே இருக்கச் சொல்லுவார்கள் என்று பயந்து பலர் சொல்வதில்லை. பக்கத்து அறைக்கு அதுதான் பரவுகிறது.

கடலோரம், டர்பன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கப்பல்காரத் தம்பி, அந்தத் தூத்துக்குடிப் பையன் பேரை எழுதினேன், ரெண்டு பக்கம் எழுதினேன். நர்ஸம்மா, பொட்டலம் வாங்கிடறேன்.

வகுத்தல் கணக்கை என் மகளை விட்டுப் போடச் சொன்னேன். போட்டுட்டு, "அம்மா, லீவு இல்லாதப்ப போனா என் கட்டில் காலி, அப்ப ஆயாவுக்கு இடம் இருக்கும்"னு அவளே சொன்னா. பிள்ளைங்களை அவங்கப்பாகிட்ட விட்டுட்டு, பள்ளிக்கூடம் திறந்து, காவடி முடிஞ்ச பிறகு, பிப்ரவரி கடைசியில நானும் அத்தையும் மட்டும் போறதா முடிவு. அறையை ஏழாம் தளத்துலயே கேட்டு வாங்கிட்டேன், லிஃப்டே ஏற வேண்டாம். நடைபாதைக் கதவு இருபது அடி தூரம்.

அத்தை நேத்தே பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வெயில்ல வச்சுட்டாங்க. கைத்தடிக்கு அடியில புது ரப்பர் மாட்டணுமாம், கடைக்குப் போறப்ப மறக்காதேன்னு காலையில இருந்து ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.